சாயத்தை விடுங்கள், உப்பு எங்கே போகிறது? (நொய்யல் – மாசுக் கட்டுப்பாடு – ஆய்வு)

#1 நொய்யல்_குறிப்பேடு

நுரை பொங்கும் நொய்யல் படங்களுக்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். இங்கே நான் பேச நினைப்பது படத்தில் விழாத சரக்கைப் பற்றி. உப்பு. நான் நீர்க் கொள்கை ஆய்வில் இருப்பவள், நொய்யலும் பாலாறும்தான் என் வேலை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "ஆறு சிவப்பாக ஓடுகிறது, நீலமாக ஓடுகிறது" என்பதோடு நின்றுவிடுகிறோம். நிறத்தைச் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு ஒரே நாளில் எடுத்துவிடலாம். நிறம் போன தண்ணீரைப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அதில் இருக்கும் உப்பு அப்படியே இருக்கும், போட்ட ரசாயனத்தால் இன்னும் கொஞ்சம் கூடியும் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்பு வேண்டும், சாதா உப்போ கிளாபர் உப்போ (சோடியம் சல்பேட்). கருநீலம், கருப்பு மாதிரி அடர்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மெஷினில் ஒரு டன் துணி ஏற்றினால் 8,000 லிட்டர், அதாவது 480 கிலோ உப்பு. இந்த உப்பு துணியில் தங்காது, சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு அத்தனையும் வெளியே வந்துவிடும். 150 கிராம் எடையுள்ள ஒரு கருப்பு டி-ஷர்ட்டுக்கு 70 கிராமுக்கு மேல் உப்பு!

இப்போது விதி என்ன சொல்கிறது? வெளியேறும் நீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நல்ல விதி மாதிரித்தான் தெரிகிறது. ஊர் முழுக்க ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது என்று வைத்துக்கொண்டு, ஒருவர்கூட விதியை மீறாமல் எல்லோரும் சரியாக 2,100-இல் விட்டால்கூட ஆற்றுக்கு நாளொன்றுக்கு 210 டன் உப்பு போகும். இதில் ஒருவரையும் தண்டிக்க முடியாது. விதிக்கு உட்பட்டே ஒரு ஆற்றை உப்பாக்கிவிடலாம் என்பதுதான் இதன் பொருள். நான் இந்த வேலைக்குள் இழுக்கப்பட்டதே இந்த ஒரு கணக்கால்தான்.

வெள்ளியங்கிரி மலையில் இறங்கிக் கோவை, திருப்பூர் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் இந்த ஆறு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைக்காலம் போனால் அதில் ஓடுவது நாம் விட்டது மட்டும்தான். கலந்து நீர்த்துப்போகும் என்று எதிர்பார்க்க அங்கே கலப்பதற்குத் தண்ணீரே கிடையாது.

தொழிலில் இருப்பவர்கள், கரையில் இருப்பவர்கள் இருவரும் எழுதினால் நன்றாக இருக்கும்.

#2 கிழக்குத்தோட்டம்

நான் கரைக்காரன்ங்க. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்கள் தோட்டம். 1992-இல் அணை கட்டியபோது ஈரோடு, கரூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். அணை கட்டிச் சில வருடத்திலேயே தேங்கியது சாயத் தண்ணீர்தான். ஆற்றில் ஓடிப் போயிருந்தாலாவது போய்த் தொலைந்திருக்கும், அணையில் நின்று நிலத்தடிக்கு இறங்கிவிட்டது. 97-இல் திறந்துவிட்டபோது மீன் செத்து மிதந்ததை எங்கள் பக்கம் இன்னும் பேசுவார்கள். அதற்கப்புறம் அணை எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, தண்ணீரைத் தேக்காதே என்று நாங்களே கேஸ் போட வேண்டியதாகிவிட்டது. ஆயக்கட்டுக்காரனே அணையை நிரப்பாதே என்று சொல்லும் நிலைமை வேறு எங்காவது உண்டா?

நஷ்டஈடு பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் பெரிய தொகை வாங்கிவிட்டோம் என்று நினைக்கிறார்கள். 2004-இல் சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமத்தில் 28,596 விவசாயிகளுக்கு மொத்தம் 24.8 கோடி சொன்னது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 9,000 ரூபாய்கூட வராது. கிணற்றில் இறைத்த தண்ணீர் பாத்தியில் காய்ந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தென்னை சாகாது, ஆனால் காய் சிறுத்துக் குரும்பை கொட்டும். மஞ்சள், நெல் எல்லாம் விட்டு எத்தனையோ வருடம். இதற்கு 9,000.

#3 டையிங்_மாஸ்டர்

அண்ணா சொன்னதை மறுக்க நான் வரவில்லை. எங்கள் பக்கத்தையும் கேளுங்கள், ஏனென்றால் இந்த இழையில் உப்பைப் பற்றி யாரோ சரியாகப் பேசியிருக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

480 கிலோ கணக்கு சரிதான் மேடம். வின்ச் என்ற பழைய சாய மெஷினில் கிலோ துணிக்கு 15, 20 லிட்டர் பிடிக்கும், அப்போது உப்பு அதைவிட இரண்டு மடங்கு. சாஃப்ட் புளோ மெஷின் வந்த பிறகுதான் 6, 8 என்று இறங்கியது. உப்பைக் குறைத்ததில் மெஷினுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை யாரும் சொல்வதில்லை.

2011 ஜனவரி 28-ஆம் தேதி ஹைகோர்ட் ஆர்டர் வந்து 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளுக்குக் கரண்டைப் பிடுங்கினார்கள். பனியன் கம்பெனிக்கு சாயம் போட ஆள் இல்லை. எத்தனை பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள் என்பதைப் பார்த்தவன் நான். அதற்குப் பிறகு ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல், செய்து காட்டினால்தான் திறக்கலாம் என்றார்கள், அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தயாராகித் திறந்தோம். இன்று இந்த 18 நிலையத்தில் சேர்ந்திருப்பவன் ஆற்றில் விடுவதில்லை. ஆர்.ஓ.வில் போய் நல்ல தண்ணீர் எங்களுக்கே திரும்பி வருகிறது, அதில்தான் மறுபடி சாயம் போடுகிறோம். ரிஜெக்ட், அதாவது மிஞ்சும் உப்புத் தண்ணீர், காய்ச்சி வற்ற வைக்கும் எவாப்பரேட்டருக்குப் போகிறது. எவாப்பரேட்டருக்கு நீராவி, நீராவிக்கு விறகு, கூடவே கரண்ட் பில். இந்தச் செலவு முழுக்க எங்கள் ஜாப் ஒர்க் ரேட்டில்தான் ஏறுகிறது. வெளிநாட்டுக் கம்பெனி சட்டையில் "சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று அட்டை தொங்கவிடுகிறான், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டால் வேறு ஊரில் போட்டுக்கொள்கிறேன் என்கிறான்.

ராத்திரியில் விடுகிறார்களே என்றால், ஆமாம், விடுகிறார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கன்சென்ட் (அனுமதி) இல்லாமல் வீட்டுக்குப் பின்னால், தோட்டத்து ஷெட்டில் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மழை வந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். கெட்ட பெயர் எல்லோருக்கும்.

#4 நொய்யல்_குறிப்பேடு

மாஸ்டர், நீங்கள் எழுதியதற்கு நன்றி, மெஷின் விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டும்தான்.

கிழக்குத்தோட்டம் அண்ணா சொன்ன 24.8 கோடிக்கும் மாஸ்டர் சொன்ன செலவுக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது, கொள்கை ஆய்வு என்பது முக்கால்வாசி அங்கேதான். விவசாயிகள் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஆற்றில் விடும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் போட்டது. லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை ஏறும். ஆயிரம் லிட்டருக்கு என்று மாற்றினால் 60 முதல் 100 ரூபாய். அதே ஆயிரம் லிட்டரை ஆர்.ஓ., எவாப்பரேட்டர் எல்லாம் தாண்டி உப்பு நீக்கிக் கொடுக்க அதைவிடக் கூடுதலாகும், அதோடு முதலீடும் வேண்டும். அப்படியானால் கணக்குப் பார்க்கும் முதலாளி என்ன செய்வார்? அபராதத்தைச் செலவில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு விடுவார். இதில் கெட்டவர் நல்லவர் என்று ஒன்றுமே இல்லை. விலை தப்பாகப் போடப்பட்டிருந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் மூன்று மாதத்தில் ஜீரோ டிஸ்சார்ஜ் என்று சொல்லிப் பார்த்தது, அதற்கும் அசையாமல்தான் கடைசியில் 2011-இல் ஒட்டுமொத்தமாக மூட வேண்டி வந்தது. அபராதம் சுத்திகரிப்புச் செலவைவிடக் கீழே இருக்கிற வரைக்கும் எந்த ஊரிலும் இதேதான் நடக்கும்.

ஆனால் மாஸ்டர், ஒரு கேள்வி. ஆற்றுக்குப் போகாத உப்பு எங்கே?

#5 டையிங்_மாஸ்டர்

இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். சொல்கிறேன்.

ரிஜெக்டில் இருந்து ஒரு பகுதியைப் பிரைன், அதாவது உப்புக் கரைசலாகவே எடுத்து மறுபடி சாயத் தொட்டிக்கு அனுப்புகிறார்கள், அருள்புரம் பொது நிலையத்தில் செய்து காட்டிய பிறகு பல இடத்தில் வந்தது. கிளாபர் உப்பாகப் படிய வைத்தும் எடுக்கிறார்கள், அது நல்ல உப்பு, வாங்கிப் போடுகிறோம். இரண்டுமே இல்லாமல் கடைசியில் மிஞ்சுவது மிக்ஸட் சால்ட். சாதா உப்பு, சல்பேட், கார்பனேட், கொஞ்சம் நிறம் எல்லாம் கலந்து அழுக்கு மஞ்சளாக இருக்கும். அதை எந்த மாஸ்டரும் தொட்டியில் போடமாட்டார், ஷேடு அடிவாங்கிவிடும். விற்கவும் முடியாது. மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்கியிருக்கிறார்கள். மழை ஈரத்தில் கரையாமல் பார்த்துக்கொள்வதே ஒரு வேலை.

#6 நொய்யல்_குறிப்பேடு

அதேதான். உப்பு மாயமாவதில்லை. முன்பு அணைக்குப் போனது, இப்போது ஷெட்டில் மூட்டையாக இருக்கிறது. இது ஆற்றில் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, எண்ணிப் பார்க்க முடிகிற இடத்தில் இருக்கிறது, யாருடையது என்று தெரிகிறது. ஆனால் "ஜீரோ" என்று சொல்லி விஷயத்தை மூடிவிடுகிறார்களே, அதுதான் என் வருத்தம். தண்ணீர் ஜீரோ. உப்பு ஜீரோ இல்லை. கூடவே புகைபோக்கி வழியாகப் போகும் விறகுக் கணக்கும் இருக்கிறது. தண்ணீர் மாசுக்கு ஒரு சட்டம், காற்றுக்கு ஒரு சட்டம், அபாயக் கழிவுக்கு ஒரு விதி என்று தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால் ஒரே உப்பு மூன்று மேஜைக்குப் போய் மூன்று இடத்திலும் வேறு பெயரில் பதிவாகிறது.

#7 சட்டம்_படிக்கிறேன்

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் கல்லூரியில் ஒரு குழுவாகப் போய் ஆற்றில் பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்துப் பார்த்தால், அந்த ரிசல்ட்டை வைத்து ஒரு பட்டறைமேல் வழக்குப் போட முடியுமா?

#8 நொய்யல்_குறிப்பேடு

குற்ற வழக்குக்கு நேரடியாக முடியாது தம்பி. 1974 நீர்ச் சட்டம் பிரிவு 21-ஐப் படி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அதிகாரி ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் கண்ணெதிரே எடுத்து, இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிதான் சாட்சியாக ஏற்கப்படும். உன் பாட்டில் அந்த வகையில் வராது.

அதனால் வீண் என்று நினைத்துவிடாதே. அதே சட்டத்தில் பிரிவு 49 இருக்கிறது: யாராக இருந்தாலும் வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு நீதிமன்றத்தில் நேரடியாகப் புகார் செய்யலாம், அப்படிப் புகார் செய்தவர் கேட்டால் வாரியம் தன்னிடம் உள்ள அறிக்கைகளைக் கொடுக்க வேண்டும், பொதுநலனுக்கு எதிரானது என்று கருதுவதை மட்டும்தான் மறுக்கலாம். இதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு. ரிட் மனுவிலும் பசுமைத் தீர்ப்பாயத்திலும் நீ எடுத்த அளவீடு வேலைக்கு ஆகும், ஏனென்றால் அங்கே நிபுணர் குழு போட வைப்பதற்கு முதல் ஆதாரம் அதுதான். இன்னொன்று, 2024 திருத்தத்தில் பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டம் என்று மாற்றியிருக்கிறார்கள். முதலில் இமாச்சலத்துக்கும் ராஜஸ்தானுக்கும் வந்தது, மற்ற மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். மேலே #4-இல் பைசாக் கணக்கு எழுதினேனே, அதை இந்த 15 லட்சத்துக்கும் போட்டுப் பார்.

#9 மண்_பரிசோதனை

கிழக்குத்தோட்டம் அண்ணாவுக்கு. உங்கள் பக்கம் ஜிப்சம் போடச் சொல்லிப் பலர் போட்டிருப்பார்கள், பலன் இல்லை என்றும் சொல்வார்கள். காரணம் இதுதான். உப்பு அதிகமாக இருப்பது ஒன்று, சோடியம் அதிகமாக இருப்பது வேறொன்று. சாய உப்பில் இரண்டும் சேர்ந்தே வருகிறது, சாதா உப்பும் கிளாபரும் இரண்டுமே சோடிய உப்பு. சோடியம் களிமண்ணைப் பிரித்துச் சேறாக்கித் துளையை அடைத்துவிடும், தண்ணீர் விட்டால் இறங்காமல் மேலேயே நிற்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தை வெளியே தள்ளும், சரி, தள்ளிய சோடியத்தைக் கீழே கழுவிக்கொண்டு போக நல்ல தண்ணீர் வேண்டும், வடிகால் வேண்டும். அதே உப்புக் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டு ஜிப்சம் போட்டால் காசுதான் கரையும்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டரில் 3 மில்லிசீமென்ஸுக்கு மேல் காட்டினால் பெரும்பாலான பயிருக்குக் கஷ்டம். தென்னை தாங்கும், மகசூலில் வாங்கிக்கொள்ளும். நீங்கள் சொன்ன குரும்பை உதிர்வு அதுதான். நல்ல மழை பெய்கிற வருடத்தில் வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரை வயலிலேயே நிறுத்தி இறக்குங்கள், உப்பைக் கீழே தள்ள உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல தண்ணீர் அதுதான்.

#10 பள்ளிபாளையம்_விசைத்தறி

திருப்பூரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். அங்கே கிடுக்கிப்பிடி போட்டதும் சாயம் எங்கே போனது? ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், அங்கிருந்து நேரே காவிரி. நொய்யலில் விட்டால் அணைக்குப் போகும், எங்கள் பக்கம் விட்டால் கீழே இருக்கும் எல்லா ஊரின் குடிதண்ணீருக்குப் போகும். காவிரியில் தண்ணீர் ஓடுவதால் மீட்டரில் ஒன்றும் தெரியாது, அதனால் யாருக்கும் அக்கறையும் இல்லை. ஒரு ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று எழுதுகிற ஆய்வாளர்கள் பக்கத்து ஆற்றையும் வந்து பார்க்க வேண்டும்.

#11 நொய்யல்_குறிப்பேடு

நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. காவிரியில் நீர்த்துப்போவதால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு அங்கே எதையுமே காட்டிக்கொடுக்காது. நான் முதல் பதிவில் சொன்னதன் இன்னொரு முகம் இது: வறண்ட ஆற்றில் அந்த விதி போதாது, ஓடுகிற ஆற்றில் அந்த விதி குருடு. மொத்த எடையைக் கேட்டால்தான் இரண்டு இடத்திலும் உண்மை வெளியே வரும்.

#12 பாலாற்றங்கரை

வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து. எங்கள் பக்கம் மாசு தோல் தொழிற்சாலைகளால். நொய்யல்காரர்கள் நஷ்டஈடு வாங்கிய அந்த ஆணையமே எங்கள் ஊர் வழக்கில்தான் பிறந்தது. 1996 ஆகஸ்ட் 28-இல் வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் அழுத்தமாகச் சொன்னார்கள். சரி, எங்களுக்கு என்ன ஆனது? 2025 ஜனவரி 30-இல் மறுபடி உச்ச நீதிமன்றம், விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் நஷ்டஈடு கொடு, குழு போடு என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1996-இல் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இப்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுமலை லட்சம் டன்னுக்கு மேல், அது கிடந்த கிடையில் எத்தனை மழை பார்த்திருக்கும்.

ஆய்வாளர்கள் வந்து போனதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. கேள்வித்தாள் கொண்டுவருவார்கள், கிணற்றில் பாட்டில் பிடிப்பார்கள், ரிசல்ட் என்ன என்று திரும்பிச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் (எம்ஐடிஎஸ்) இருந்த ஜனகராஜன் 2000-களின் தொடக்கத்தில் விவசாயிகளையும் தோல்காரர்களையும் ஒரே மண்டபத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தார். அதைப் பற்றி எங்கள் பெரியவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். சண்டைதான் நடந்தது, ஆனால் எதிரெதிரே உட்கார்ந்து நடந்தது.

#13 பொருளியல்_மாணவி

நான் எம்.ஏ. பொருளியல். இந்த வேலைக்கு வர ஆசை. உண்மையில் தினமும் என்ன செய்வீர்கள் என்று சொல்லுங்கள் அக்கா. லேபா, களமா, கோர்ட்டா?

#14 நொய்யல்_குறிப்பேடு

பாலாற்றங்கரை சொன்ன மனத்தாங்கலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ரிசல்ட்டைத் திருப்பிக் கொடுப்பது ஆய்வாளர் காட்டும் தயவு கிடையாது, கிணறு அவர்களுடையது. நான் வேலை செய்யும் குழுவில் ஒவ்வொரு கிணற்றுக்காரருக்கும் ஒரு அட்டை: தேதி, அளவு, குடிக்கலாமா, எந்தப் பயிருக்கு ஆகும். அதை அந்த இடத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த தோட்டம்.

மாணவிக்கு: மூன்றும் இல்லை, மூன்றும்தான். களத்தில் நான் செய்வது ஆற்றிலிருந்து குறுக்காக நடப்பது. கரையை ஒட்டிய கிணறு, அதற்கடுத்த தோட்டத்துக் கிணறு, அப்படியே மேட்டைப் பார்த்து. வாளியை இரண்டு முறை அலசிவிட்டு, போரென்றால் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மீட்டரைத் தண்ணீரில் விட்டு எண் நிற்கும் வரை பொறுத்து எழுத வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. ஆற்றிலிருந்து தள்ளத் தள்ள எண் இறங்கினால் உப்பு ஆற்றிலிருந்துதான் வந்தது. இறங்காமல் நடுவில் ஒரு கிணறு மட்டும் திடீரென்று ஏறினால் அங்கே பக்கத்தில் வேறு ஏதோ இருக்கிறது, சுற்றிப் பார்த்தால் பழைய பட்டறையோ கழிவு கொட்டிய குழியோ கிடைக்கும். மீட்டர் காட்டும் மைக்ரோசீமென்ஸை 0.64-ஆல் பெருக்கினால் டிடிஎஸ் ஏறக்குறைய வரும், குடிநீருக்கு 500 நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தரம்.

அப்புறம்தான் பொருளியல். சென்னைப் பொருளியல் பள்ளியில் பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியாட் போன்றவர்கள் திருப்பூருக்கு இந்தச் சேதத்தை ரூபாயில் கணக்கிட்டுப் பார்த்தார்கள்: விளைச்சல் இழப்பு, மீன்பிடி இழப்பு, குடிநீருக்கு ஆகும் கூடுதல் செலவு. இதில் விளைச்சல் எளிது. பால் குறைந்த மாடு, பெண் கொடுக்கத் தயங்கும் ஊர், குடத்தோடு நடக்கும் நேரம் இதெல்லாம் கடினம், அதனால் விட்டுப்போகும், விட்டுப்போவதால் நஷ்டஈடு 9,000 ஆகும். எந்த இழப்பைக் கணக்கில் சேர்ப்பது என்ற முடிவு ஆய்வாளர் மேஜையில் எடுக்கப்படுகிறது, பத்து வருடம் கழித்து அது நீதிமன்றத் தொகையாக வெளியே வருகிறது. பொருளியல் படிப்பவர்கள் இங்கே வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

#15 டையிங்_மாஸ்டர்

உப்பைக் குறைக்க வழியே இல்லையா என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கோல்ட் பேட் பேட்ச் என்று ஒரு முறை, அதில் உப்பே வேண்டாம், துணியைச் சாயத்தில் நனைத்துப் பிழிந்து உருளையில் சுற்றி மணிக்கணக்கில் சுழல விட வேண்டும். நெய்த துணிக்கு அருமை. நம் பின்னல் துணி குழாயாக வருகிறது, அதை அறுத்து விரிக்க வேண்டும், ஓரம் சுருளும், சின்னச் சின்ன ஆர்டருக்குக் கட்டாது. உப்புக் குறைவாகக் கேட்கும் சாயமும் வருகிறது, விலை கூட. வாங்குகிறவன் விலை கொடுத்தால் நாளைக்கே மாறலாம். ரேட்டை அழுத்திவிட்டு எங்களை மட்டும் திட்டினால் எப்படி?

#16 கிழக்குத்தோட்டம்

மாஸ்டர், உங்களைத் திட்டவில்லைங்க. உங்கள் கஷ்டமும் புரிகிறது. ஆனால் நீங்கள் ரேட்டு பேச ஒரு ஆள் இருக்கிறான், நான் யாரிடம் போய் ரேட்டு பேசுவேன்? என் கிணற்றில் உப்பு இறங்கியதற்கு எந்த பில்லும் கிடையாது. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான், இனிமேல் வருகிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். பழைய உப்பா புது உப்பா என்றே சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

#17 நொய்யல்_குறிப்பேடு

அண்ணா கேட்டதுதான் நான் இப்போது வாதாடிக்கொண்டிருக்கும் விஷயம். உப்புக் கணக்கு. கன்சென்ட் கொடுக்கும்போது "லிட்டருக்கு 2,100" என்பதோடு, "மாதத்துக்கு இத்தனை டன் உப்பு உள்ளே வந்தது, இத்தனை டன் பிரைனாகவும் கிளாபராகவும் திரும்பியது, இத்தனை டன் மிக்ஸட் சால்ட் ஷெட்டில் இருக்கிறது" என்று ஒரு தாள் கேட்க வேண்டும். உள்ளே வந்ததற்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எங்கேயோ போயிருக்கிறது, வேறு வழியே இல்லை. இதற்குப் புது மெஷின் வேண்டாம், ராத்திரிக் காவல் வேண்டாம். உப்பு காசு கொடுத்து வாங்கும் சரக்கு, ஜிஎஸ்டி பில் இருக்கும். கன்சென்ட் இல்லாத ஷெட்டுக்குப் போகும் உப்பும் ஏதோ ஒரு லாரியில், ஏதோ ஒரு வியாபாரியிடமிருந்துதான் போகிறது. கழிவை ஒளிக்கலாம், மூட்டை மூட்டையாக வாங்கும் உப்பை ஒளிப்பது கடினம்.

#18 டையிங்_மாஸ்டர்

இது நடக்கும் மேடம். ஸ்டோரில் உப்பு ரிஜிஸ்டர் எல்லா ஒழுங்கான பட்டறையிலும் இருக்கிறது, லாட்டுக்கு லாட் எத்தனை கிலோ போட்டோம் என்று டையிங் ஷீட்டிலும் இருக்கும். சங்கத்துக்காரர்கள் முதலில் முறைப்பார்கள். ஆனால் திருட்டு ஷெட்டுக்காரனைப் பிடிக்க இது உதவும் என்றால் எங்களில் பாதிப் பேர் ஒத்துக்கொள்வோம், அவனால்தான் எங்கள் ரேட்டு அடிவாங்குகிறது. ஒன்று மட்டும், சாதா உப்பையும் கிளாபரையும் தனித்தனிக் கட்டமாகக் கேளுங்கள், சேர்த்துக் கேட்டால் குழப்பிவிடுவார்கள்.

#19 சட்டம்_படிக்கிறேன்

அக்கா, மிக்ஸட் சால்ட் இருப்பு அபாயக் கழிவு ஆண்டறிக்கையில் வாரியத்துக்குப் போகிறது இல்லையா, அதை ஆர்.டி.ஐ.யில் நிலையம் வாரியாகக் கேட்கிறேன். வாங்கிய உப்பு வாரியத்திடம் இருக்காது, அதற்கு மாஸ்டர் சொன்ன ரிஜிஸ்டர்தான் வழி. மனுவை எழுதி நாளைக்கு இங்கேயே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள்.

#20 நொய்யல்_குறிப்பேடு

போடு தம்பி. கடந்த ஐந்து நிதியாண்டுக்கும் தொடக்க இருப்பு, அந்த வருடம் சேர்ந்தது, வெளியே அனுப்பியது, கடைசி இருப்பு என்று நான்கையும் தனித்தனியாகக் கேள். "விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும். கிழக்குத்தோட்டம் அண்ணா, உங்கள் கிணற்றுக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் மழைக்கு முன் அளவு எடுத்துவிடலாம், தனிமடலில் ஊர் மட்டும் சொல்லுங்கள், மீட்டரோடு வருகிறேன்.